ஆகாயத்துக்குப் போகிற தாழ்ப்பாள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு வணக்கம்.

நம்ம அசெம்பிளி ஹால் வாசலில் ஒரு போர்டு மாட்டியிருக்கிறதே, எண்ணெய், குங்குமம், விபூதி, சந்தனம், பூ, எலுமிச்சம்பழம் உள்ளே கொண்டு வரக் கூடாது என்று, அதைப் பார்த்து நீங்கள் சிரிக்கிறீர்களாம். கிரேன் ஓட்டுகிற டில்லிபாபு போன் போட்டுச் சொன்னான். உங்களில் யாரோ அதைப் படம் பிடித்து, 'எங்க கம்பெனில சாமிக்கே கேட் பாஸ் கிடையாது' என்று ஸ்டேட்டஸ் வைத்தார்களாம். நல்லாத்தான் எழுதியிருக்கிறீர்கள், நானும் சிரித்தேன். ஆனால் அந்த போர்டு எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டு சிரித்தால் இன்னும் கொஞ்சம் நல்லா சிரிக்கலாம். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் படித்தது பத்தாவது, அப்புறம் ஐ.டி.ஐ. முதலில் கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்குகிற கம்பெனி ஒன்றில் இருந்தேன். உலையும் வெயிலும் சேர்ந்து என்னை அப்பளம் மாதிரி பொரித்து எடுத்த பிறகு காக்களூருக்கு வந்தேன். இங்கேயே அசெம்பிளி சூப்பர்வைசராக ரிடையர் ஆனேன். காலையில் குளித்து, நெற்றிக்கு இட்டு, வீரராகவப் பெருமாளை ஒரு வார்த்தை கூப்பிடாமல் ஷெட்டுக்குள் காலை வைத்ததில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்த விஷயத்தில் சாமியும் வருகிறார். அவர் பேரில் தப்பு ஒன்றும் இல்லை.

அப்போதெல்லாம் நமக்கு பஸ் கதவுக் கீல், பால் டேங்கர் மூடி, இந்த மாதிரி வேலைதான். திடீரென்று ஆகாயத்து வேலை வந்தது. மேலே நம் நாட்டுக்கென்று ஒரு நிலையம் கட்டப் போகிறார்கள், ஆட்கள் தங்கி வேலை பார்க்க. முழு வீட்டையும் ஒரே ராக்கெட்டில் ஏற்ற முடியாது. அறை அறையாக அனுப்பி, மேலேயே சேர்க்க வேண்டும். சேர்க்கிறதுக்கு ஆட்கள் போவார்கள். ஓர் அறையும் இன்னோர் அறையும் ஒட்டுகிற இடத்தில் சுற்றிலும் தாழ்ப்பாள்கள் இருக்கும். அவை மோட்டாரில் தானாக மூடிக்கொள்ளும். மோட்டார் மக்கர் பண்ணினால் ஒரு ஆள் வெளியே போய், அந்தரத்தில் மிதந்துகொண்டே கையால் திருகி மூட வேண்டும். மூடாவிட்டால் உள்ளே இருக்கிற காற்று வெளியே போய்விடும். அதற்கு மேல் நடப்பதை நான் எழுத வேண்டியதில்லை.

நிஜ அறைகளை நாம் செய்யவில்லை. அது பெரிய இடத்து வேலை. போகிற ஆட்கள் தரையில் பழகுவதற்கு ஒரு மாதிரி வேண்டும், அதில் ஒட்டுகிற இடத்தையும் தாழ்ப்பாளையும் செய்கிற பொறுப்பு நமக்கு வந்தது. இங்கே சரி என்று ஆன டிராயிங்கில்தான் மேலே போகிறதையும் செய்வார்கள். டிராயிங்கில் அதற்கு ஒரு முழ நீளத்துக்கு இங்கிலீஷ் பேர் போட்டிருந்தது. நாங்கள் தாழ்ப்பாள் என்றோம். கடைசியில் டிராயிங் போட்டவரே போனில் 'தாழ்ப்பாள் ஆச்சாங்க' என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

வேலை முடிந்ததும், கைக்கு அடங்குகிறதா என்று பார்க்க, மேலே போகிற நாலு பேரும் நம்ம ஷெட்டுக்கே வந்தார்கள். கூடவே ஒரு பெரிய அதிகாரி. நாங்கள் அவரை சோதனை சார் என்போம். அவர் பேசுவதைவிடப் பார்ப்பதுதான் அதிகம். நாலு பேரில் ஒருவர் வடக்கத்திக்காரர், நம்ம ஷெட் கதவில் குனிந்துதான் நுழைந்தார். டில்லி உடனே அவருக்கு டவர் சார் என்று பேர் வைத்துவிட்டான். இன்னொருவர் பெண், விமானம் ஓட்டுகிறவர், திருநெல்வேலிப் பக்கம். எஸ்தர் மேடம். ஆள் குள்ளம், கை சின்னது, குரல் மட்டும் பெரிசு. வந்ததும் என்னைப் பார்த்து, "அண்ணாச்சி, குடிக்கத் தண்ணி கிடைக்குமா?" என்றார். நம்ம பக்கம் அண்ணாச்சி என்றால் மளிகைக்கடைக்காரர். அன்று முழுக்க பசங்க என்னிடம் கால் கிலோ உளுத்தம்பருப்பு கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மிதக்கிற மாதிரி இருப்பதற்கு, ஆளை இடுப்பில் பெல்ட் கட்டி நம்ம கிரேனில் தொங்கவிட்டோம். விண்வெளிச் சட்டையில் மேல் பாதியை மட்டும் மாட்டி, அதற்குள் காற்று அடிப்பார்கள். கையுறை, காற்று அடித்த சைக்கிள் டியூப் மாதிரி விறைத்துக்கொள்ளும். விரலை மடக்குவதே ஒரு வேலை. கிரேன் டில்லிபாபு கையில். அவன் எளாவூர்க்காரன், ஆந்திரா எல்லையிலேயே வளர்ந்தவன், யாரைப் பார்த்தாலும் நைனாதான். "இத்தினி வருசமா இரும்பு தூக்கினு இருந்தேன் நைனா. இப்ப ஆபீசருங்கள தூக்கறேன். பிரமோசன்தான்" என்றான்.

மற்ற மூன்று பேரும் தாழ்ப்பாளை மூடிவிட்டார்கள். டவர் சார் சோடா மூடி திறக்கிற மாதிரி திருகிவிட்டுச் சிரித்தார். எஸ்தர் மேடத்துக்கு மட்டும் கைப்பிடி கடைசிக் கால் சுற்றில் நின்றுவிட்டது. எவ்வளவோ முயன்றார். கைப்பிடி அசையவில்லை, கிரேனில் அவர்தான் எதிர்ப்பக்கம் சுற்றினார்.

சோதனை சார் அவரை இறக்கச் சொன்னார். இன்னொரு தடவை வருவோம், அப்போதும் முடியவில்லை என்றால் எஸ்தர் நிலையத்துக்கு உள்ளே இருந்து வேலை பார்ப்பார், வெளியே வேறு ஆள் போவார் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பஸ் டைம் சொல்வதுபோல் சொன்னார். அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது.

இந்த இடத்தில் தேசம்மாவைச் சொல்ல வேண்டும். ஸ்டோர் பார்த்தவர். ஷெட் பூஜையும் அவர் பொறுப்பு. வெள்ளிக்கிழமை ஆனால் ஒவ்வொரு மிஷினுக்கும் பொட்டு வைப்பார். அதோடு, பெரியபாளையத்து அம்மன் விளக்கிலிருந்து ஒரு சின்ன பாட்டிலில் எண்ணெய் வாங்கி வைத்திருப்பார். எந்தச் சாமான் வெளியே போனாலும் அதில் ஒரு சொட்டு தொட்டு வைத்த பிறகுதான் லாரி ஏறும். பஸ் கீலும் பால் மூடியும் அப்படித்தான் போயின. ஒன்றுகூட ரிப்பேர் என்று திரும்பி வந்ததில்லை, அதனால் நாங்களும் அதை டெஸ்ட் ரிப்போர்ட் மாதிரியே நினைத்துக்கொண்டோம். இந்தத் தாழ்ப்பாளில் எண்ணெய் படக் கூடாது என்று மேலிடத்திலிருந்து சொல்லியிருந்தார்கள். மேலே காற்றில்லாத இடத்தில் எண்ணெய் ஆவியாகிக் கண்ணாடியில் போய் ஒட்டுமாம், மிச்சம் இருப்பது குளிரில் கட்டியாகுமாம். தேசம்மாவிடமும் சொன்னேன். மிஷின் ஆயில் டப்பாவைத் தொடவே மாட்டேன் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அன்றைக்கு மத்தியானம் எஸ்தர் மேடம் அதிகாரிகளோடு சாப்பிடப் போகவில்லை. ஸ்டோரில் தேசம்மாவோடு உட்கார்ந்து அவருடைய காரக்குழம்பைப் பங்கு போட்டுக்கொண்டார். நான் வாஷர் எடுக்கப் போனபோது பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"ஸ்கூல்ல இருந்து இதே கதைதான்க்கா. குட்டையா இருக்காளேன்னு முன்னாடி பெஞ்சு, பஸ்ல ஜன்னல் ஓரம். எல்லாரும் பாசமாத்தான் உக்கார வச்சாங்க. அவ்ளோ தூரம் மேல போயும் என்னைய ஜன்னல் ஓரம் உக்காந்து வேடிக்கை பாருன்னா எப்படிக்கா? நான் வெளிய போணும்."

தேசம்மா இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார். அவர் பேசாமல் குழம்பு ஊற்றினால் மனசுக்குள் ஏதோ முடிவாகிவிட்டது என்று அர்த்தம். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

அடுத்த தடவை அவர்கள் வருகிற வரைக்கும் ஷெட்டில் வேறு பேச்சே இல்லை. சொந்த வீட்டுப் பெண்ணுக்குப் பரீட்சை மாதிரி ஆகிவிட்டது. ஒருவன் கை பலத்துக்கு முருங்கைக்கீரை சூப் சொல்லி அனுப்பலாம் என்றான். டில்லி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உள்ள ஸ்பிரிங்க கொஞ்சூண்டு லூசு பண்ணிடு நைனா. யாருக்குத் தெரியப்போவுது?" என்றான். அவன் கெட்டவன் இல்லை, பிள்ளைகளே. கெட்டவன் சொன்னால் நாம் உஷாராகிவிடுவோம். நல்லவன் பாசத்தில் சொல்வதுதான் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். முடியாது என்று சொல்லிவிட்டுப் போன பிறகும், அந்த ஸ்பிரிங் இருக்கிற பக்கம் நான் ரெண்டு தடவை நடந்துவிட்டு வந்தேன்.

வீட்டில் என் சம்சாரம் வேறு. அந்தப் பொண்ணு ஜெயிச்சா வீரராகவர் கோயில் குளத்தில் வெல்லம் கரைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டாள். அந்தப் பொண்ணு சர்ச்சுக்குப் போற பொண்ணு ஆச்சே என்றேன். வெல்லம் நம்முளுதுதானே, பெருமாள் ஒன்னும் சொல்ல மாட்டார் என்றாள். நானும் வேண்டிக்கொண்டேன்.

இரண்டாவது தடவை வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. முதலாளி ஷெட்டில் இல்லை. அலுமினியம் ஏற்றி வந்த லாரி எளாவூர் செக்போஸ்டில் மாட்டிக்கொண்டு, அதை மீட்கப் போயிருந்தார். எஸ்தர் மேடம் முதலில் ஏறினார். சட்டைக்குள் காற்று அடித்தார்கள். டில்லி தூக்கினான். கீழே வெள்ளைத் துணி விரித்திருந்தது, சாமான் ஏதாவது விழுந்தால் தெரிவதற்கு. அவர் கைப்பிடியைப் பிடித்துத் திருக ஆரம்பித்தார். கடைசிக் கால் சுற்று வந்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

டக் என்று ஒரு சத்தம். கண்ணைத் திறந்தால் தாழ்ப்பாள் மூடியிருக்கிறது. ஷெட் முழுக்கக் கைதட்டல். டவர் சார் கீழே நின்று அவர் பூட்ஸைத் தட்டிக்கொடுக்கிறார். சோதனை சார்கூட புருவத்தைத் தூக்கினார். மற்றவர்களுக்கு ஏற்கெனவே ஓ.கே. ஆனதால், இவர் முடித்ததே போதும், டீ குடித்துவிட்டுக் கிளம்பலாம் என்றார்.

எல்லோரும் டீக்குப் போனார்கள். நான் துணியை மடிக்கக் குனிந்தேன். அதில் மஞ்சளாக ஒரு சொட்டு.

விரலால் தொட்டு முகர்ந்தேன். நல்லெண்ணெய். அதில் கற்பூரமும் கருகின திரியும் கலந்த வாசனை. வேறு எங்கே அந்த வாசனை வந்தாலும் என் கை தானாகக் கும்பிட்டுவிடும். அன்றைக்குக் கை எழவில்லை. நிமிர்ந்தால் ஸ்டோர் ஜன்னலில் தேசம்மா. என்னைப் பார்த்ததும் ஏதோ நட்டு எண்ணுகிற மாதிரி திரும்பிக்கொண்டார்.

உள்ளே போய் மெதுவாகக் கேட்டேன். "எண்ணெ தடவினியாம்மா?"

"எண்ணெ எங்க தடவனேன்? அம்மன் பிரசாதம் வச்சேன்."

"எங்க வச்ச?"

"உள்ள திருகுலதான். கைப்புடில வச்சா அந்தப் பொண்ணுக்கு வழுக்காதா? அந்த அறிவுகூட எனக்கு இல்லன்னு நெனச்சியா?"

"எவ்ளோ வச்ச?"

"சொட்டுதான்."

அலமாரியில் அம்மன் பாட்டில் காலியாகக் கவிழ்த்து வைத்திருந்தது.

அதற்குள் டில்லியும் வந்துவிட்டான். விஷயம் தெரிந்ததும் அவனுக்குச் சந்தோஷம்தான். "வுடு நைனா. அம்மனே எறங்கி ஹெல்ப் பண்ணிகிறா. நடுவுல நீ ஏன் பேஜார் பண்ற?"

"அம்மன் ஹெல்ப் பண்றதுன்னா அவங்க கைக்குப் பலம் குடுப்பா. திருகுக்கு எண்ணெ போட்டுக்கினு இருக்க மாட்டா" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, எனக்கும் கால் நகரவில்லை. வெளியே சோதனை சார் டீ கிளாஸைக் கையில் வைத்திருக்கிறார், டிரைவர் காரை எடுத்துத் திருப்பி நிறுத்திவிட்டான். முதலாளிக்குப் போன் போட்டேன். லாரி ஹாரன்களுக்கு நடுவில், 'எதுவா இருந்தாலும் பாத்துப் பண்ணு' என்று மட்டும் காதில் விழுந்தது. முதலாளிகள் எப்போதும் அதைத்தான் சொல்வார்கள். பாத்துப் பண்ணுவது என்றால் என்ன என்று மட்டும் சொல்ல மாட்டார்கள்.

பிள்ளைகளே, அந்த ஒரு டீ நேரத்தில் என் தலைக்குள் ஓடினதை உங்களுக்கு உள்ளபடி எழுதுகிறேன். சொன்னால் அந்தப் பெண்ணுக்கு வெளியே போகிற வாய்ப்பு போகும். தேசம்மா வேலை போகலாம். இந்த ஆர்டரே போகலாம். சொல்லாவிட்டால் இன்றைக்கு எல்லோருக்கும் நல்ல பேர். அப்புறம் ஒரு நாள் மேலே மோட்டார் மக்கர் பண்ணும். அந்தப் பெண் வெளியே போய், உள்ளே இருக்கிறவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, அந்தக் கடைசிக் கால் சுற்றில் நிற்பார். அங்கே ஸ்டோர் ஜன்னல் கிடையாது. சாமியிடம் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம், அது நமக்கும் அவருக்கும் இருக்கிற பேச்சு. சாமி பேரைச் சொல்லி சோதனையில் கை வைத்தால், அதற்குப் பதில் சொல்கிறது சாமி இல்லை, மேலே போகிற ஆள்.

சரி, சொல்ல வேண்டும். யாரிடம்? நேராக சோதனை சாரிடம் போனால் எனக்குச் சுலபம். கடமை முடிந்தது, கையைத் துடைத்துக்கொள்ளலாம். ஆனால் தாழ்ப்பாளை மூடினது தன் கைதான் என்று நம்பிக்கொண்டு அங்கே ஒரு ஆள் சிரித்துக்கொண்டிருக்கிறார். அவருக்குப் பின்னால் போய் இன்னொருவரிடம் சொல்வது எனக்கு நல்லதாகப் படவில்லை. அவரிடமே போனேன். வெல்டிங் பசங்களோடு நின்று செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்.

தனியாகக் கூப்பிட்டு எல்லாம் சொன்னேன். முதலில் சிரித்துவிட்டார், அம்மன் எண்ணெய் என்றதும். அப்புறம் சிரிப்பு நின்றது. தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப நான் மூடல."

கையைத் தொங்கவிட்டு என்னைப் பார்த்தார்.

"சாருக்குத் தெரியுமா அண்ணாச்சி?"

"இல்ல மேடம். உங்ககிட்டதான் மொதல்ல சொல்றேன்."

"நான் இதை இப்படியே விட்டுட்டா நீங்க என்ன செய்வீங்க?"

"நானே போய் சொல்லிடுவேன் மேடம்."

அவர் தலையை ஆட்டினார். நேராக ஸ்டோருக்குப் போனார். தேசம்மாவைத் திட்டப் போகிறார் என்று பின்னாலேயே ஓடினேன். திட்டவில்லை. "அக்கா, எனக்கு முன்னாடி நீங்க மேல போய் எண்ணெ விட்டுட்டு வந்திருவீங்கன்னா இந்த ஏற்பாடு எனக்குச் சம்மதம்" என்றார். தேசம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அவர் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டு, எஸ்தர் மேடம் சோதனை சாரிடம் நடந்தார்.

திருகில் எண்ணெய் இருந்தது, தான் மூடினது செல்லாது என்று அவரே சொன்னார். சோதனை சார் டீ கிளாஸை மேசையில் வைத்துவிட்டு, யார் தடவினது என்று கேட்டார். ஷெட்டில் நடந்தது சார், பொறுப்பு என்னுது என்றேன். அவர் ஸ்டோர் ஜன்னலைப் பார்த்தார், அங்கே அழுகிற சத்தம் நன்றாகவே கேட்டது, மேற்கொண்டு கேட்கவில்லை.

எஸ்தர் மேடம் இன்னொன்றும் கேட்டார். "துடைச்சிட்டு மறுபடி பாக்கணும் சார். ஆனா எல்லாரும் பாக்கணும். இதுவரை வந்ததும் வராததுமா தாழ்ப்பாளைத்தான் மூடினோம். மேல அப்படி வராது. மத்த வேலையெல்லாம் முடிச்சு, கை அசந்து போனப்புறம்தான் மோட்டார் படுக்கும். அதே மாதிரி செய்யணும்."

சோதனை சார் டிரைவரிடம் காரை ஆப் பண்ணச் சொன்னார்.

திருகைக் கழற்றி ஸ்பிரிட் போட்டுத் துடைத்தோம். துடைத்த துணியை சோதனை சார் வாங்கி முகர்ந்து பார்த்தார். கோயிலுக்குப் போய் நாளாச்சு என்றார். சிரிக்கலாமா கூடாதா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

எஸ்தர் மேடம்தான் முதலில். கேபிள் இழுப்பது, விளக்கு மாட்டுவது, மூட்டை நகர்த்துவது, எல்லாப் பயிற்சியும் அந்தரத்தில் தொங்கிக்கொண்டே முடித்தார். வேர்வையில் முகம் மின்னியது. அப்புறம் தாழ்ப்பாளுக்கு வந்தார். கடைசிக் கால் சுற்றில் நின்றது. மறுபடி பிடித்தார். நின்றது. இறக்குங்க என்று அவரே சொன்னார். கீழே வந்து, கவிழ்த்துப் போட்ட ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து, கையுறையை மடியில் வைத்துக்கொண்டார். யாரும் பக்கத்தில் போகவில்லை. நான் சொன்னதால்தானே இது என்று நினைத்தேன்.

அடுத்து டவர் சார். சிரித்துக்கொண்டே ஏறினார். அதே கேபிள், அதே விளக்கு, அதே மூட்டை. தாழ்ப்பாளுக்கு வருவதற்குள் அவருக்கும் மூச்சு வாங்கியது. திருகினார். கைப்பிடி கடைசிக் கால் சுற்றில் நின்றது.

அவர் கையை உதறிவிட்டு மறுபடி பிடித்தார். நரம்பு புடைத்ததுதான் மிச்சம். கீழே எஸ்தர் மேடம் பெட்டியிலிருந்து எழுந்து நின்றார். மூன்றாவது ஆளுக்கும் நின்றது, நாலாவது ஆள் என்னென்னவோ பண்ணி ஒரு வழியாக மூடினார்.

சோதனை சார் தன் சட்டையைக் கழற்றி மேசையில் போட்டுவிட்டு, எனக்கு மாட்டுங்க என்றார். டில்லி என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். அவ்வளவு பெரிய அதிகாரி பனியனோடு நின்று அந்த விண்வெளிச் சட்டையை மாட்டிக்கொண்டு நம்ம கிரேனில் ஏறினார். அவர் மூக்குக்கண்ணாடி வேர்த்துவிட்டது. முழு வேலையையும் விடாமல் செய்தார். அவருக்கும் கடைசிக் கால் சுற்றில் நின்றது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கியபடியே சொன்னார்.

"எஸ்தர் கையில தப்பில்லை. கைப்பிடியிலதான் தப்பு."

கைப்பிடி நீளம் போதவில்லை, பிடி மெல்லிசு. அசராத கைக்குப் போட்ட டிராயிங் அது. முதல் நாள் எல்லோரும் அசராத கையோடு மூடினதால் யாருக்கும் தெரியவில்லை. சின்னக் கையுள்ள ஒருத்தருக்கு மட்டும் அது முதலிலேயே தெரிந்தது, அதை அவருடைய குறை என்று எல்லோரும் எடுத்துக்கொண்டோம். நாங்கள் எண்ணெயோடு வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தக் கைப்பிடி அப்படியே மேலே போயிருக்கும். நாலு பேருக்கும் சேர்த்து.

தேசம்மா வேலை போகவில்லை. சோதனை சார் கிளம்பும்போது, வாசலில் ஒரு போர்டு வையுங்கள் என்றார், அவ்வளவுதான். என்ன எழுதுவது என்று தேசம்மாவையே கேட்டோம். எண்ணெய், குங்குமம் என்று வரிசையாகச் சொன்னவர், கடைசியில், "எலுமிச்சம்பழத்தயும் போட்ருங்க. இல்லன்னா அடுத்த வெள்ளிக்கெழம நானே வச்சுடுவேன். எனக்கு என்னிய தெரியும்" என்றார். பூஜை, வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற அரசமரத்தடிக்கு மாறியது. அம்மன் அங்கேயும் நன்றாகத்தான் இருக்கிறாள், காற்று வருகிறது.

புது டிராயிங் வந்தது. கைப்பிடி நீளமாக, பிடி கனமாக. நாமே செய்தோம். அதை மாட்டின நாளில் மறுபடி எல்லோரும் வந்தார்கள். இதை எழுதுகிற வரைக்கும் அவர்கள் இன்னும் மேலே போகவில்லை. போகிற அன்றைக்கு நீங்கள் டிவியில் பார்ப்பீர்கள், நானும் பார்ப்பேன். எனக்கு முக்கியம், புதுக் கைப்பிடி மாட்டின நாளில் நம்ம ஷெட்டில் நடந்தது.

அன்றைக்கும் எஸ்தர் மேடம்தான் முதலில். கேபிள், விளக்கு, மூட்டை எல்லாம் முடித்து, மூச்சு வாங்க தாழ்ப்பாளுக்கு வந்தார். இந்தத் தடவை நான் கண்ணை மூடவில்லை. கைப்பிடி கடைசிக் கால் சுற்றுக்கு வந்தது, தயங்கியது, போனது. டக். யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் சோதனை சார் முகத்தைப் பார்த்தோம்.

"திற" என்றார். திறந்தார்.

"மூடு." மூடினார்.

"மறுபடி." மறுபடியும் திறந்து மூடினார்.

சோதனை சார் போனை எடுத்து யாருக்கோ போட்டு, வெளியே போகிற ஆள் எஸ்தர்தான் என்று சொன்னார். வழக்கம்போல பஸ் டைம் சொல்கிற குரல்தான்.

மேலே இருந்து எஸ்தர் மேடம், "டில்லி அண்ணே, கீழ இறக்குங்க. தொங்கிக்கிட்டே அழ வரல" என்றார். காற்று அடித்த அந்தக் கையுறையால் கண்ணைத் துடைக்கப் பார்த்தார், கை முகம்வரை மடங்கவில்லை. அப்படியே மெதுவாகச் சுற்றிக்கொண்டு, அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் தொங்கினார்.

கிரேன் இறங்கவில்லை. என்னடா என்று திரும்பிப் பார்த்தால், டில்லிபாபு ரிமோட்டை இடுப்பில் சொருகிவிட்டு, இரண்டு கையாலும் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறான். நான் போய் ரிமோட்டை உருவி, இறக்குகிற பட்டனை அமுக்கினேன்.